துப்பாக்கிக்கு ஒரு சுமைதாங்கி

ஆஸ்திரியா தேசத்தின் மேற்குப் பகுதியில் டிரோல் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைத் தொடரின் நடு முதுகிலே அமைந்த பிரதேசம் அது. அங்கே சமதரை என்பது கல்யாணப் பந்தலில் காலி நாற்காலியைப் போன்றது. தேடித்தான் பிடிக்க வேண்டும். இன் என்னும் ஆற்றின் இரு கரைகளிலும் கிடைத்த கொஞ்சநஞ்சச் சமதரையில் ஊர்களும் வயல்களும் ரயில் பாதையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மாகாணத்தின் தலைநகரமாகிய இன்ஸ்புருக் நகரத்துக் கடைத்தெருவில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலாக 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள பாறைச் சிகரங்கள் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். கார்வெண்டல் என்பது அந்த மலைகளின் பெயர்.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் நாம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. இன்ஸ்புருக்கில் உத்தியோகம் பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவர் பல வருஷங்களாக அழைத்துக்கொண்டிருந்தார். அவருடன் யேன்பாக் என்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்து மலையேறி ஆகென் ஏரியை அடைந்தோம். 1889-ம் ஆண்டிலே இவ்வேரிக்குப் போட்ட ரயில் பாதை, நமது நீலகிரிப் பாதையைப் போலவே பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறுவது. ஏரியின் ஆழம் 133 மீட்டர் என்று சொல்லுகிறார்கள். மேற்குக் கரையிலே பெர்ட்டிஸாவ் என்னும் சிற்றூர். அந்த ஊரின் கொல்லைப்புறத்திலிருந்து பள்ளத்தாக்குகள் மூன்று கிளம்பிக் கார்வெண்டல் மலைக்குள் நுழைகின்றன. பசும்புல்லும் தேவதாரு வகை மரங்களும் முதலில் வரும். பிறகு குட்டைப் பைன் புதர்கள். அதற்கும் மேலே மொட்டைப் பாறை. பாறைகளின் காலடியில் சரிந்து கிடக்கும் கற்குவியல்கள்.

இந்தப் பாறைகளிலேதான் காம்ஸ் வாழ்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ஷமுவா என்பார்கள். பார்வைக்கு மானும் ஆடும் கலந்த மாதிரி இருந்தாலும் இனத்தால் ஆட்டைச் சேர்ந்தது. நமது மலைகளில் வாழும் வரையாட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நெற்றியின் மேல் இரண்டு சிறு கொம்புகள் நேரே எழுந்து, நுனியில் தூண்டில் முள் போலப் பின்னோக்கி வளைந்திருக்கும். முகம் வெளுப்பு, கண்ணிலிருந்து வாய் வரை மை தீட்டியது போல் ஒரு கருங்கோடு. கோடையில் பழுப்பாயிருக்கும் உடம்பு குளிர்காலத்தில் ஏறக்குறையக் கறுத்துவிடும். ஆபத்தைக் கண்டால் மூக்காலே சீட்டியடித்துக் கூட்டத்தை எச்சரிக்கும். மறு நிமிஷம் மலைச்சரிவில் ஒன்றும் இராது.

சக்கரவர்த்தியும் குடியானவனும்

இந்த விலங்கைத் துரத்திக்கொண்டு மனிதன் மலையேறத் தொடங்கி நெடுங்காலமாகிறது. துப்பாக்கி பரவுவதற்கு முன் நீண்ட ஈட்டியே ஆயுதம். பாறை விளிம்பில் அகப்பட்டுக்கொண்ட காம்ஸை அதனாலே குத்திக் கீழே வீழ்த்துவார்கள். 1459 முதல் 1519 வரை வாழ்ந்த மாக்ஸிமிலியன் சக்கரவர்த்திக்கு இவ்வேட்டையில் அளவற்ற மோகம். டிரோலின் வேட்டைக்காடுகளைப் பற்றி ஒரு நூலும், மீன்பிடிக்கும் நீர்நிலைகளைப் பற்றி ஒரு நூலும் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருக்காகவே எழுதப்பட்டன. இன்ஸ்புருக்குக்கு மேற்கே ஸிர்ல் என்ற ஊரின் அருகில் மார்ட்டின் சுவர் என்று ஒரு செங்குத்துப் பாறை உண்டு. 1484-ல் காம்ஸைத் தொடர்ந்த மாக்ஸிமிலியன் அந்தப் பாறையில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டார் என்றும், தேவதூதன் ஒருவன் இளைஞன் வடிவில் வந்து அவரைக் கைப்பிடித்து இறக்கினான் என்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை. கதை எப்படியானாலும் அதன் கருத்து நமக்குப் புரிகிறது. மலையிலே நிற்பதற்கு இடம் பார்த்துக்கொள்ளாமல் விலங்கைப் பார்க்கக் கூடாது.

இதே மாக்ஸிமிலியன் 1511-ல் டிரோல் மக்களுக்குத் தம் மண்ணைத் தாமே காத்துக்கொள்ளும் பொறுப்பை அளித்துச் சாஸனம் செய்தார். ஊருக்கு ஊர் குறி சுடுவோர் சங்கங்கள் வேரூன்றின. 1809-ல் நெப்போலியனுடைய படைகளையும் அவனுடைய துணைவர்களான பவேரியர்களையும் எதிர்த்து, ஆந்திரேயாஸ் ஹோபர் என்னும் விடுதிக்காரர் தலைமையில் எழுந்தவர்கள் இம்மலைக் குடியானவர்களே. ஆனால் ஒரு வேடிக்கை: நாட்டைக் காக்கத் துப்பாக்கி எடுக்க உரிமை பெற்ற குடியானவன், தன் வயலில் மேயும் மானைச் சுட உரிமை பெறவில்லை. வேட்டை பிரபுக்களின் தனிச்சொத்து. 1848-ம் வருஷத்துப் புரட்சிக்குப் பிறகு, 1849 மார்ச்சு 7-ம் தேதி வெளியான அரசக் கட்டளைதான் பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமையை ரத்துச் செய்தது. வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. தொடர்ச்சியாக 115 ஹெக்டேர் நிலம் உள்ளவன் தானே வேட்டையாடலாம், சிறு நிலக்காரர்கள் ஊராகச் சேர்ந்து குத்தகைக்கு விட வேண்டும் என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது.

உரிமை வந்தால் பொறுப்பும் வர வேண்டும் அல்லவா? ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு 1893-ல் நம் தேசத்துக்கும் வந்து புலி வேட்டை ஆடிச் சென்றவர். அவர் வாழ்நாளில் சுட்ட உயிர்களின் எண்ணிக்கை 2,70,000-க்கு மேல் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அது அந்தக் காலம். இன்றைக்கு டிரோலில் துப்பாக்கி ஏந்த ஆசைப்படுகிறவன் முதலில் பரீட்சையில் தேற வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கில், எந்த வயதுள்ள ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று முன்கூட்டியே வகுத்த திட்டப்படிதான் சுடலாம். ஓநாயும் லிங்க்ஸ் பூனையும் நெடுங்காலம் இல்லாமற் போன மலைகளில் ஆட்டினம் அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் இளங்கன்றுகளை மேய்ந்துவிடும். கன்றுகள் மரமாகாவிட்டால் பனிச்சரிவிலிருந்து ஊரைக் காக்கும் காடு அழியும் என்பது அவர்கள் கூறும் காரணம். 1999 பிப்ரவரியில் இதே மாகாணத்தில் கால்ட்யூர் என்ற கிராமத்தின் மீது பனி சரிந்து 31 பேர் மாண்டார்கள். பனிச்சரிவு என்ற சொல்லை அங்கே யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

கொல்லாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். வேட்டையைக் காண நமக்குக் கால் கூசியது உண்மை. ஆயினும், பெர்ட்டிஸாவில் ஒரு முதிய வேட்டைக்காவலரின் வீட்டு முன்கூடத்தில் நாம் கண்ட ஒரு காட்சி நம்மைப் பிடித்து நிறுத்திவிட்டது. சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கி ஒன்றுதான். ஆனால் அதைத் தாங்குவதற்காக அவர் வைத்திருந்த சாமான்கள் ஒரு மூலை முழுவதும் நிரம்பிக் கிடந்தன: கழிகள், முக்காலிகள், மடக்குக் கால்கள், மணல் பைகளைப் போன்ற சிறு மூட்டைகள்.

நமது நாட்டுச் சாலை ஓரங்களில் முன்னோர்கள் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறிப் பிறகு தானே தூக்கிக்கொள்ள அது உதவியது. துப்பாக்கி மூன்று நான்கு கிலோகிராம் எடைதான்; அதற்கு ஏன் இத்தனை சுமைதாங்கி என்று கேட்டோம். பெரியவர் பதில் சொல்லவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து காட்டி, நம் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரைக் கம்பம் ஒன்றைக் கண்ணாடி வழியாகக் குறி பார்க்கச் சொன்னார். கம்பம் கண்ணாடிக்குள் ஊஞ்சலாடியது. மூச்சை அடக்கினால் நாடித்துடிப்பு ஆட்டியது. அரை நிமிஷத்தில் கையே நடுங்கத் தொடங்கியது.

க்ஷேத்திர கணிதம் கற்பிக்கும் நமக்கு மீதிக் கணக்குத் தானே வந்தது. தோளிலிருந்து குழாய் முனை வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், அது ஆயிரத்தில் ஒரு பங்கு விலகல். 200 மீட்டருக்கு அப்பால் அந்த விலகல் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். காம்ஸின் நெஞ்சில் குண்டு பட்டதும் உயிர் பிரியும் இடமோ சுமார் 15 சென்டிமீட்டர் அகலம். அந்த இடத்தின் நடுவைக் குறி பார்த்தவனுடைய குண்டு, முனை ஒரு மில்லிமீட்டர் விலகியதால் வயிற்றிலோ காலிலோ போய்ப் பாயும். தையல் ஊசியின் பருமன் அளவு அசைவுக்கு அத்தனை பெரிய விளைவு!

சமவெளியில் காயம்பட்ட விலங்கைத் தேடிப் பிடித்து அதன் வேதனையை முடிக்கலாம். மலையிலே அது நொண்டிக்கொண்டாவது மனிதன் கால் வைக்க முடியாத விளிம்பில் போய்ப் படுத்துவிடும். அங்கே அது சாக ஓர் இரவு ஆகலாம். மூன்று இரவும் ஆகலாம். காயம்பட்ட விலங்கை மோப்பம் பிடிப்பதற்கென்றே பவேரிய மலை மோப்பநாய் என்று ஒரு ஜாதியை வளர்த்திருக்கிறார்கள் என்றால், இத்துயரம் எவ்வளவு சாதாரணம் என்பது விளங்கும். பெரியவரின் காலடியில் சிவந்த நிறமுள்ள அத்தகைய நாய் ஒன்று படுத்திருந்தது. "இதற்கு வேலை இல்லாத வருஷமே எனக்கு நல்ல வருஷம், ஆசிரியர் ஐயா" என்றார் அவர். நண்பர் மொழிபெயர்த்தார்.

தடியும் பையும்

இனி அந்த மூலையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மலைத்தடி. இந்நாட்டு வேட்டைக்காரனுடைய பழைய துணை இதுவே. ஹேஸல் என்னும் செடியின் நேரான கழியை நன்றாக உலரவைத்து, அடியில் இரும்புப் பூண் மாட்டியிருப்பார்கள். ஆளை விட ஒரு சாணாவது உயரம் இருக்கும். ஏறும்போது இது மூன்றாவது கால். கற்சரிவில் இறங்கும்போது பின்புறம் ஊன்றிச் சாய்ந்துகொண்டால் வண்டிக்குத் தடைக்கட்டை போல் வேகத்தை அடக்கும். சுட வேண்டிய சமயத்தில் தடியைச் செங்குத்தாக ஊன்றி, இடது கையால் தடியையும் துப்பாக்கியின் முன்கட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு விநாடியில் தயாராகிவிடலாம். மரமாதலால் பாறையில் பட்டாலும் ஒலி குறைவு. உலோகக் கழி 'டங்' என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் அன்றைய வேட்டை முடிந்தது. ஆனால் ஒற்றைத் தடி பக்கவாட்டு அசைவை முற்றும் அடக்காது. கிட்டத்து விலங்குக்குத்தான் இது போதும். 100 மீட்டருக்கு மேல் தாம் இதை நம்புவதில்லை என்றார் பெரியவர்.

இரண்டாவது, முதுகுப்பை. இதைத் தாங்கல் என்று யாரும் கடையில் விற்பதில்லை. ஆனால் மலையில் இதற்கு மிஞ்சிய தாங்கல் இல்லை. பாறையின் மேல் பையைக் கிடத்தி, கையால் அமுக்கிப் பள்ளம் செய்து, அதில் துப்பாக்கியின் முன்கட்டையைப் படுக்க வைத்து, தானும் படுத்துக்கொண்டால் மலையும் துப்பாக்கியும் மனிதனும் ஒன்றாகிவிடுகிறார்கள். உள்ளே கம்பளிச் சட்டை இருந்தால் பை நன்றாகப் படியும்; ரொட்டிப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் மேலே துருத்திக்கொண்டிருந்தால் படியாது. ஆகவே பையைக் கட்டும்போதே சுடுவதை நினைத்துக் கட்ட வேண்டுமாம். ஒரு விஷயத்தில் மட்டும் மிக ஜாக்கிரதை தேவை. துப்பாக்கிக் குழாயை எதன்மேலும் படவிடக் கூடாது. சுடும்போது குழாய் அதிரும். கடினமான பொருளில் பட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்திலிருந்து துள்ளிக் குண்டு வேறிடம் போகும். தாங்கல் முன்கட்டைக்குத்தான், அதிலும் வெறும் கல் உதவாது. ஒன்றும் இல்லாவிட்டால் தொப்பியையாவது மடித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, இருகால். துப்பாக்கியின் முன்கட்டையிலேயே பூட்டி, வேண்டும்போது விரிக்கும் இரண்டு குட்டைக் கால்கள். இது இன்றைய இளைஞர்களுக்குப் பிரியமானது. ஆனால் எண்ணம் மிகப் பழையது. இமயத்துக்கு அப்பால் திபெத்தியர்கள் தங்கள் திரித் துப்பாக்கியின் அடியில் இரண்டு மரக்கவைகளைப் பொருத்தி, நுனியில் மானின் கொம்பைச் செருகி, நெடுங்காலமாக மலைவேட்டை ஆடியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் கனத்த பழைய மஸ்கெட் துப்பாக்கியை ஏந்திய போர்வீரன் கையில் ஒரு கவைக்கோலும் வைத்திருந்தான். இன்றைய இருகால் 400 கிராம் அளவில் இருக்கும். கார்பன் இழையில் செய்தது இன்னும் இலேசு. துப்பாக்கியோடு கூடவே வருவதால் மறந்து வைக்க வழியில்லை. சமமான மேட்டில் படுத்துச் சுட இதற்கு ஈடில்லை. ஆனால் புல் முழங்கால் உயரம் இருந்தால் கண்ணுக்கு முன் புல்தான் தெரியும். செங்குத்தாக மேலே சுடவேண்டுமானால் கால் எட்டாது. கீழே சுடவேண்டுமானால் பின்கட்டை அந்தரத்தில் தொங்கும். அத்துடன், நாள் முழுவதும் துப்பாக்கியின் முன்பக்கம் கனத்துக்கொண்டே இருக்கும்.

நான்காவது, முக்காலி. நம் பள்ளிக்கூடத்து மேஜைகளின் கீழே மடித்த காகிதம் செருகப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். நாலு கால் உள்ளது கரடுமுரடான தரையில் ஆடும். மூன்று கால் உள்ளது ஒருபோதும் ஆடாது. மூன்று புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு சமதளம் செல்லும் என்பது கணிதம். அந்தக் கணிதத்தைப் படிக்காமலே நம் பாட்டிமார்கள் மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினார்கள். மலையிலே முக்காலியின் பெருமை இதுதான்: ஒரு காலை நீட்டி, ஒரு காலைக் குறுக்கி, எந்தச் சரிவிலும் நிறுத்தலாம். நின்றுகொண்டும், உட்கார்ந்துகொண்டும், மேலே நோக்கியும் சுடலாம். குறை அதன் எடை. நல்ல கார்பன் இழை முக்காலிகூட ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோகிராம் இருக்கும். 1,000 மீட்டர் ஏறுகிறவனுக்கு அது சிறு சுமையல்ல. வேட்டை கைகூடினாலோ, குடல் நீக்கிய காம்ஸ் இருபது கிலோகிராமுக்கு மேல் அதே முதுகில் ஏறும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நாலு கால் கொண்ட ஒரு வகையும் உண்டு. நான்கு மெல்லிய கழிகளை மேலே இணைத்துத் துப்பாக்கியின் முன்னும் பின்னும் ஒருசேரத் தாங்கும்படி செய்திருப்பார்கள். அடிவாரத்துப் புல்வெளியில் நின்று சுடுகிறவனுக்கு இது பரம சௌகரியம். செங்குத்தான சரிவிலோ நாலு கழிகளும் நாலு பக்கம் இழுக்கும். நடப்பதற்கு வைத்திருக்கும் இரண்டு கைக்கழிகளையே குறுக்காகக் கட்டிக் கவையாக்கிக்கொள்வதும் வழக்கம். புதிதாக எடை கூடுவதில்லை என்பது அதன் சிறப்பு. உட்கார்ந்து சுடுவதற்கு உதவும்.

எதை எடுத்தாலும் ஒரு விதி பொது. முன்னால் மட்டும் தாங்கினால் பாதித் தாங்கல்தான். பின்கட்டையின் அடியில் ஒரு சிறு மூட்டையோ, மடித்த கையுறையோ, முழங்காலோ இருந்தால்தான் மேல்கீழ் அசைவு நிற்கும்.

பள்ளத்தாக்கில் ஒரு காலை

இவ்வளவையும் கேட்ட பிறகு, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழுந்தது. "நாளைக் காலையில் மலையைக் கேளுங்கள்" என்றார் பெரியவர்.

மறுநாள் விடியற்காலை நாங்கள் மூவரும் பால்ட்ஸ்துர்ன் பள்ளத்தாக்கின் வழியே நடந்தோம். துப்பாக்கி அவரிடம், எங்களிடம் தின்பண்டம். அவர் கையில் மலைத்தடி. முதுகுப்பையின் பக்கவாட்டில் ஒரு சிறு முக்காலி. இருகாலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டார். சூரியன் படும் வரை மலைக்காற்று பள்ளத்தாக்கை நோக்கிக் கீழிறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். காற்றுத் திரும்புவதற்குள் மேலே போய்விட்டால் நம் வாசனை காம்ஸுக்கு எட்டாது என்பதற்காக, பேசாமல் இரண்டு மணி நேரம் ஏறினோம்.

ஓர் ஓடையின் எதிர்ப்பக்கச் சரிவில் தனியாக ஓர் ஆண் மேய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் முக்காலியை விரித்தார். ஆனால் அதன்மேல் அவர் வைத்தது துப்பாக்கி அல்ல, தொலைநோக்கி. கொம்பின் வளையங்களையும் முகத்தின் நிறத்தையும் வெகுநேரம் பார்த்து வயதை மதிப்பிட்டார். திட்டத்தில் அடங்கிய கிழ ஆடுதான் என்று தெரிந்தபின் தூரமானியை எடுத்தார்: 230 மீட்டர், மேல்நோக்கிச் சுமார் 30 பாகைச் சரிவு. குண்டை ஈர்ப்புச் சக்தி கீழே இழுப்பது கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது. ஆகவே சுடுகிறவனுக்கு அது 200 மீட்டர்தான். சரிவைக் கணக்கிடாமல் சுட்டால், மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் குண்டு உயரத்தான் போகும்.

அவர் பையைப் பாறையில் வைத்துப் படுத்தார். முன்னே ஒரு மேடு மறைத்தது. பையை மேட்டின்மேல் நகர்த்தினார். ஈரப் புல்லில் அது வழுக்கியது. எழுந்து முக்காலியைக் குறுக்கி, பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, துப்பாக்கியை அதன்மேல் வைத்து, பின்கட்டையின் கீழே முழங்காலை மடக்கினார். ஏறிவந்த இளைப்பு அடங்க ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். நாம் மூச்சுவிடவும் அஞ்சினோம். இதற்குள் காம்ஸ் நாலடி நகர்ந்து ஒரு குறுகிய விளிம்பின்மேல் ஏறி நின்றது. அதன் கீழே செங்குத்தான பள்ளம். காற்றும் திரும்பத் தொடங்கி முக்காலியின் கால்களில் இலேசாக முணுமுணுத்தது.

பெரியவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சீட்டி ஒலி ஒன்று கேட்டது. விளிம்பு காலியாயிற்று.

நம் நண்பருக்குப் பொறுக்கவில்லை. "பாதி வாய்ப்பாவது இருந்ததே?" என்று கேட்டார். அதற்குப் பெரியவர் சொன்ன விடை நமக்கு மறக்கவில்லை: "தாங்கல் இல்லாமல் சுடுவது கடன் வாங்கிச் செலவு செய்வது மாதிரி. கடன் வாங்குகிறவன் நான். வட்டி கட்டுகிறது அந்த ஆடு."

திரும்பும் வழியில் அவர் வேறொரு வருஷத்துச் சம்பவம் சொன்னார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் விலையுயர்ந்த இருகாலோடு வந்தாராம். கால் எட்டாத சரிவில் அதை ஒரு கல்லின்மேல் ஏற்றி வைத்துச் சுட்டார். நாயும் பெரியவரும் இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் பருந்துகள் வட்டமிட்ட இடம் தெரிந்தது. போக வழி தெரியவில்லை. அவ்வூர் வேட்டைக்காரர்கள் சுட்ட விலங்கின் வாயில் ஒரு பசுங்கிளையை வைத்து, கடைசி உணவு என்று மரியாதை செய்வது வழக்கம். அந்த ஆட்டுக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

தேர்வு

மலை சொன்ன விடை இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. தாங்கலைக் கடையில் தேர்ந்தெடுக்கக் கூடாது. சரிவில் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே ஏறப் போகிறோம், படுக்க இடம் கிடைக்குமா, மேலே சுடுவோமா கீழே சுடுவோமா, எவ்வளவு தூரம் சுமப்போம் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் பாதிச் சாமான்கள் தாமே விலகிவிடும். பாறை நிறைந்த உயர்மலைக்கு முதுகுப்பை முதன்மை; அது எப்படியும் கூடவே வரும். நடைக்கும் அவசரத்துக்கும் தடி. புல் உயர்ந்த சரிவுக்கும் மேல்நோக்கிய குறிக்கும் சிறு முக்காலி. அதுவே தொலைநோக்கியையும் தாங்குவதால் தன் எடைக்கு இருமடங்கு வேலை செய்கிறது. இருகால், மேடு பள்ளம் குறைந்த பீடபூமிக்காரனுக்கு நல்லது. எதுவானாலும் வீட்டில் பழகி, கண்ணை மூடிக்கொண்டு விரிக்கத் தெரிந்ததையே எடுத்துச் செல்ல வேண்டும். எதுவும் பொருந்தாத இடத்தில் தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

நமது நீலகிரியிலும் ஆனைமலையிலும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் வரையாட்டைத் தேடிப் பாறை பாறையாகத் துப்பாக்கி சாத்தினார்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வரையாட்டு வேட்டைக்கு இடமில்லை. இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-ல் எண்ணியபோது நம் மாநிலத்தில் 1,031, 2025-ல் 1,303. விளிம்பில் நிற்கும் ஆட்டைத் தப்பாமல் எண்ணுவதற்கும் கை நடுங்கக் கூடாது. பெர்ட்டிஸாவுப் பெரியவரின் முக்காலியில் துப்பாக்கிக்கு முன்னே தொலைநோக்கி ஏறியதைக் கண்டோம். நம் மலைகளில் தொலைநோக்கியோடு காரியம் முடிந்துவிடுகிறது.